இட்லிப்பூச் செடியில் தளிர் மட்டும் மஞ்சள், மொட்டும் இல்லை

கேள்வி:
14 அங்குலத் தொட்டி, சிவப்பு இட்லிப்பூ, இரண்டு வயது. மொட்டைமாடியில் நல்ல வெயில். போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தளிர் எலுமிச்சை மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. அடி இலைகளில் குறையில்லை. முட்டை ஓட்டுத்தூள், அடுப்புச் சாம்பல், எப்சம் உப்பு எல்லாம் போட்டாயிற்று. மாதாமாதம் கத்தரித்தும் பூ இல்லை.

பதில் 1:
இரும்புச்சத்துக் குறை. மெக்னீசியம் குறைந்தால் மஞ்சள் அடி இலையில் தொடங்கும், அதனால் மெக்னீசியம் தரும் எப்சம் உப்பு உதவாது. இட்லிப்பூவுக்குப் புளிப்பு (அமில) மண் வேண்டும். போர் தண்ணீரின் சுண்ணாம்பு போதாதென்று சாம்பலும் முட்டை ஓடும் சேர்த்திருக்கிறீர்கள். மண் காரமானால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது.

ஒரு லிட்டர் மழைநீரில் அல்லது ஆர்.ஓ. தண்ணீரில் முதலில் சிட்ரிக் அமிலம் 1 கிராம், பிறகு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 3 கிராம் கரையுங்கள். வரிசை மாறினால் கரைசல் பழுப்பாகிவிடும், அது வீண். சாயங்காலம் தெளியுங்கள், 10 நாளைக்கு ஒருமுறை, மூன்று தடவை. தரையில் பட்டால் துருக்கறை போகாது. பழைய மஞ்சள் இலையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அடுத்த தளிரைக் கவனியுங்கள்.

பதில் 2:
தெளிப்பது முதலுதவிதான். மண்ணுக்கு இரும்பு வாங்கும்போது பாக்கெட்டைப் படியுங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) வகை இரும்பு கார மண்ணில் நிற்காது. இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை விலை கூடுதல், ஆனால் வேலை செய்யும். 2 கிராமைத் தண்ணீரில் கரைத்து வேரில் ஊற்றுங்கள். சிமெண்டுச் சுவரை ஒட்டித் தொட்டி இருந்தால் நகர்த்துங்கள், சுண்ணாம்பு வழிந்து மண்ணில் இறங்கும்.

பதில் 3:
பூ வராததற்குக் காரணம் கத்தரிக்கோல். இட்லிப்பூ கிளை நுனியில்தான் மொட்டு விடும். மாதாமாதம் நுனியை வெட்டினால் மொட்டு எங்கிருந்து வரும்? வாடிய கொத்தை மட்டும் அடுத்த இலை ஜோடிக்கு மேலே நறுக்கினால் போதும். பெரிய கவாத்து வருடத்துக்கு ஒன்று, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். இலையில் கரிப்பூச்சு தெரிந்தால் அடியில் செதில்பூச்சியும் எறும்பும் இருக்கும். வேப்பெண்ணெய் 5 மி.லி., சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர். அன்னபேதி தெளித்த அன்று இது வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
சாம்பல் கலந்த மண்ணை முழுக்க மாற்றிவிடலாமா?

பதில் 1:
வேண்டாம், வேரை உலுக்கினால் இலை கொட்டும். மேல்மண் 2 அங்குலம் எடுத்துவிட்டு மட்கிய இலை உரம் போடுங்கள். கழுவிய தேங்காய்நாரும் கலக்கலாம்.