கடைசிப் பக்கம் கிழிந்த ஒரு போர்க்கதை, யாராவது படித்திருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. வேலூர் லாங்கு பஜார் பக்கம் எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகைக் கட்டில் ஒரு சிறுகதை கிடைத்தது, அட்டையும் தலைப்புப் பக்கமும் இல்லை. பதுங்குகுழியில் இரண்டு சிப்பாய்கள். ஒருவனுக்குப் படிக்கத் தெரியாது, வீட்டிலிருந்து வந்த கடிதத்தை மற்றவன்தான் படித்துக் காட்டுகிறான். பசு கன்று போட்டதைச் சத்தமாகப் படிக்கிறான், அம்மா செத்துப்போன வரியை மட்டும் விட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்து அவன் கையில் கொடுக்கிறான்.

அதற்கு மேல் பக்கமே இல்லை!

எங்கள் ஊர் கம்மவான்பேட்டை, வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்தான். அப்பா 1971 சண்டையில் மேற்கு எல்லையில் இருந்தவர். அவருக்குப் போடும் நீல இன்லேண்டு லெட்டரில் ஊர் பேரே இருக்காது, 56 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் எழுதுவோம். கதையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "அவன் செஞ்சது சரிதான்டா" என்றார், அப்புறம் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை, எத்தனை நாள் மறைக்க முடியும்?

முடிவு தெரிந்தவர்கள், இல்லை தலைப்பாவது தெரிந்தவர்கள் சொல்லுங்களேன். எழுபதுகளின் இதழ் மாதிரி இருக்கிறது.