இரவு ஷிப்ட் இல்லாத சிஎன்சி வேலை: தனியாக மகளை வளர்க்கும் தந்தைக்கு வழி உண்டா?

கேள்வி: கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தந்தை

அனைவருக்கும் வணக்கம். மெஷினிஸ்ட் பிரிவில் ஐ.டி.ஐ. முடித்த நான், கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சிஎன்சி லேத் (கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் கடைசல் இயந்திரம்) ஆபரேட்டராகச் சேர்ந்து, இப்போது இயந்திரத்தை வேலைக்குத் தயார்செய்யும் செட்டராக இருக்கிறேன். மனைவி காலமான பிறகு, ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகளை நானே வளர்த்து வருகிறேன். இதுவரை என் தாயார் துணையாக இருந்தார். அவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டதால், இரவில் குழந்தையை அவர் பொறுப்பில் விட்டுச் செல்ல மனம் ஒப்பவில்லை. ஷிப்ட் வாரந்தோறும் மாறுவதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரவுப் பணி வந்துவிடுகிறது. ஒருவருக்கு விலக்கு அளித்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று நிர்வாகம் கைவிரித்துவிட்டது.

மகள் இங்கே தமிழ் வழிப் பள்ளியில் படிப்பதால் குடிபெயரும் எண்ணம் இல்லை. வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கம் போய்வரத் தயாராக இருக்கிறேன். கற்ற தொழிலைக் கைவிட்டுக் காவலாளி வேலைக்கோ கடை வேலைக்கோ போகாமல், பகலில் மட்டும் செய்யும்படியான வேலை எனக்குக் கிடைக்குமா? தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் கேட்கும் உரிமை தந்தைக்கு உண்டா?

மறுமொழி: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரியும் ஒரு தாய், மலுமிச்சம்பட்டி

அண்ணா, நானும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள்தான். உற்பத்திப் பிரிவில் இருக்கும்வரை இரவு ஷிப்ட் உங்களை விடாது, ஏனென்றால் இயந்திரத்தை நிறுத்தி வைத்தால் முதலாளிக்கு நஷ்டம். எனவே இயந்திரத்தின் ஓட்டத்தோடு கட்டுண்டு கிடக்காத இடங்களைத் தேடுங்கள். வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதிக்கும் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிபரேஷன் அறை, வேலைப்பொருளைப் பிடித்து நிறுத்தும் ஜிக், ஃபிக்சர் செய்யும் டூல் ரூம், இயந்திரத்துக்குக் கட்டளை எழுதும் புரோகிராமிங் ஆகியவை பெரும்பாலும் பகல் நேர ஜெனரல் ஷிப்டில்தான் நடக்கின்றன. உற்பத்தி வரிசையில் நின்று சோதிக்கும் வேலையை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயர் தரக்கட்டுப்பாடு என்றாலும் அதற்கும் இரவு உண்டு.

நான்கைந்து இயந்திரங்களை வைத்து, மற்ற நிறுவனங்களின் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளில் முதலாளியிடமே நேரில் பேசலாம் என்பது நல்லதுதான். ஆனால் சில பட்டறைகளில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நடக்கிறது. சம்பளத்தைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

மறுமொழி: ஓய்வுபெற்ற டூல் ரூம் ஃபோர்மேன்

தம்பி, செட்டராக இருந்த உங்களுக்கு டூல் ரூம் எட்டாத இடமில்லை. நேர்முகத்தில் சான்றிதழைவிட உங்கள் கையைத்தான் பார்ப்பார்கள். வரைபடத்தில் விட்டம் 25 மி.மீ., அதற்கு மேல் போகக் கூடாது, 0.02 வரை குறையலாம் என்று இருக்கும். இயந்திரத்தில் ஓட்டிய ஜாப் (கடைந்த பொருள்) 25.03 காட்டும். உடனே ஆப்செட்டை (வெட்டும் அளவைத் திருத்தும் எண்ணை) தட்டுகிறவரை நான் எடுத்ததில்லை. ஜாப்பைத் துடைத்து, சூடு ஆறவிட்டு, மைக்ரோமீட்டரின் ஜீரோவைச் சரிபார்த்து மறுபடி அளந்து, அதே அளவு வந்தால் நடு அளவான 24.99 கிடைக்கும்படி விட்டத்தைத் தீர்மானிக்கும் எக்ஸ் அச்சின் ஆப்செட்டில் 0.04 குறைத்துவிட்டு, வெட்டும் இன்செர்ட்டின் முனை தேய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கிறவரைத்தான் எடுத்தேன். சூடான ஜாப் பெரிதாகவே அளவு காட்டும் என்பதைச் சொல்லாமலே செய்து காட்டுங்கள்.

குழந்தையைப் பற்றிய செய்தியை மறைக்க வேண்டாம். ஆனால் அதைக் கொண்டு பேச்சைத் தொடங்கவும் வேண்டாம். ஜாப்பை முடித்துக் கொடுத்த பிறகு, "ஜெனரல் ஷிப்ட் என்றால் நாளையே சேருகிறேன், ஞாயிறு தவிர லீவு கேட்க மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஒப்புக்கொண்டால் நியமனக் கடிதத்தில் ஷிப்டைக் குறிப்பிடச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு, ஆர்டர் நெருக்கும் மாதத்தில் நிற்காது.

மறுமொழி: தொழிலாளர் சட்டம் அறிந்த ஒருவர், பாலக்காடு

ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடத்தில் காப்பக வசதி வேண்டும் என்பது 2017 இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம். நாளுக்கு நான்கு முறை அங்கே சென்று பார்க்கும் உரிமையை அது பெண் ஊழியருக்கே சொன்னது, தந்தைக்குச் சொல்லவில்லை. இது ஒரு குறை என்றே கருதுகிறேன். காப்பகம் இருக்கும் இடத்தில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் அதை நம்பி வேலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

மாநில எல்லையைக் கடந்து வேலை மாறினாலும் இ.எஸ்.ஐ. காப்பீட்டு எண் மாறாது. புதிய நிறுவனத்தில் அதே எண்ணைக் கொடுங்கள். மகளும் தாயாரும் அதில் பதிவாகியிருக்கிறார்களா என்று இப்போதே பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் அதில் புதிதாகச் சேர்ப்பார்கள். பி.எஃப். பணத்தை எடுத்துவிடாமல், பழைய யு.ஏ.என். என்ற உறுப்பினர் எண்ணிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபோர்மேன் ஐயா, ஜெனரல் ஷிப்டுக்கு மாறினால் இரவுப்படியும் ஓவர்டைமும் போய்விடுமே, எவ்வளவு குறைவாக ஏற்கலாம்?

ஓய்வுபெற்ற ஃபோர்மேன்

படியையும் ஓவர்டைமையும் கழித்து அடிப்படைச் சம்பளத்தை மட்டும் ஒப்பிடுங்கள், தம்பி. அது இப்போது வாங்குவதைவிடக் குறையாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். போக்குவரத்துச் செலவையும் கணக்கில் சேர்த்து, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்த பிறகு ஒப்புதல் சொல்லுங்கள்.