பழைய கிதார் கேபினட்டில் கரகர சத்தமும் மெலிந்த பாஸும்: ஸ்பீக்கர் மாற்றினால் தீருமா?

பெரம்பூர் கிதார்

வணக்கம். வேளச்சேரியில் ஒரு வீட்டிலிருந்து பழைய கிதார் கேபினட் ஒன்றை வாங்கியிருக்கிறேன். இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள், பின்பக்கம் முழுவதும் மூடிய பெட்டி, பின்பலகையில் '8 ஓம்' என்று மின்தடையைக் குறிக்கும் ஒட்டுத்தாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரைத்தளத்தில் தண்ணீர் ஏறிச் சில மணி நேரம் பெட்டியின் அடிப்பாகம் ஊறியது என்பதை விற்றவர் மறைக்காமல் சொன்னார். விலையும் அதற்கேற்பக் குறைவு.

என் ஆம்ப் 50 வாட் வால்வு ஆம்ப் (டிரான்சிஸ்டருக்குப் பதிலாக வெற்றிடக் குழாய் வைத்த ஆம்ப்ளிஃபயர்). ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிக்கிறேன். தடித்த ஆறாவது தந்தியை ஓங்கி மீட்டினால் வலப்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறது. பாஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்து ஒலிக்கிறது. வலது ஸ்பீக்கரின் வயரைக் கழற்றிவிட்டு இடதை மட்டும் ஓடவிட்டால் ஒலி இன்னும் நிறைவாக இருக்கிறது. இதுதான் எனக்குப் புரியவே இல்லை. இவை தவிர, அடிப்பலகை உப்பி, ரெக்சின் உரிந்து, பெட்டிக்குள் பூஞ்சை வாடை அடிக்கிறது.

மின்னணுக் கடைகள் உள்ள ரிச்சி தெருவில் விசாரித்தேன். பெரிய காந்தம் வைத்த 12 அங்குல டிஜே ஸ்பீக்கர் இரண்டைப் போட்டு, மேலே புது ரெக்சின் ஒட்டினால் போதும் என்கிறார்கள். அப்படியே செய்யலாமா?

மைக்செட் பழனி ரோடு

தம்பி, ஸ்பீக்கர் வாங்குவதைச் சற்று நிறுத்தி வையுங்கள். ஒரு ஸ்பீக்கரைக் கழற்றினால் பாஸ் கூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. இரண்டும் எதிரெதிர்த் துருவத்தில் இணைந்திருக்கின்றன. ஒன்று காற்றை வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. எத்தனை ஆயிரம் கொடுத்துப் புது ஸ்பீக்கர் போட்டாலும், பழைய வயரிங் அப்படியே இருந்தால் இதே மெலிவுதான் மிஞ்சும்.

ஆம்பை அணைத்துவிட்டு, கேபினட் ஜாக்கில் (வயர் செருகும் துளையில்) மல்டிமீட்டரை வைத்து ஓம் பாருங்கள். பிறகு இரண்டு ஸ்பீக்கர்களின் வயரையும் கழற்றித் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். கழற்றாமல் அளந்தால் இரண்டும் சேர்ந்த கணக்குத்தான் வரும். மீட்டர் காட்டும் எண் ஸ்பீக்கரில் அச்சிட்ட அளவைவிடக் குறைவாகவே இருக்கும்: 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரையும், 16 ஓம் ஸ்பீக்கர் 12, 13 என்றும் காட்டும்.

அடுத்து, 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ் முனையை ஸ்பீக்கரின் பிளஸிலும், மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் (ஸ்பீக்கரின் முன்னால் தெரியும் காகிதக் கூம்பு) முன்னால் நகர வேண்டும். இரண்டிலும் பாருங்கள். கடைசியாக, ஐந்து விரல்களையும் கோனின் மேல் பரப்பி, எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தமாக மெல்ல உள்ளே தள்ளிக் காதை வைத்துக் கேளுங்கள். மணல்தாளில் தேய்ப்பதுபோல் உரசல் கேட்டால் வாய்ஸ் காயில் (கோனோடு ஒட்டிய கம்பிச்சுருள்) கெட்டுவிட்டது என்று பொருள்.

அண்ணாநகர் பெடல்போர்டு

டிஜே ஸ்பீக்கரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. நான் டிஜிட்டல் பிராசசரை டிரான்சிஸ்டர் ஆம்பில் கொடுத்து, சாதாரண மேடை ஸ்பீக்கரில்தான் வாசிக்கிறேன். நன்றாகவே ஒலிக்கிறது.

மைக்செட் பழனி ரோடு

உங்களுக்கு அது பொருந்தும். கேபினட்டின் ஒலிச்சாயலை உங்கள் பிராசசரே செய்து கொடுத்துவிடுகிறது. ஸ்பீக்கர் அதை மாற்றாமல் வெளியிட்டால் போதும். தம்பியிடம் இருப்பது வால்வு ஆம்ப், அந்தச் சாயலை ஸ்பீக்கர்தான் தர வேண்டும். கிதாரின் தாழ்ந்த சுரமே 82 ஹெர்ட்ஸ்தான், அதனால் டிஜே ஸ்பீக்கர் தரும் 40 ஹெர்ட்ஸ் முழக்கத்தால் இவருக்கு ஒரு பயனும் இல்லை. கிதார் ஸ்பீக்கரின் மெல்லிய காகிதக் கோன் ஓங்கி வாசிக்கும்போது சற்றே நெளிந்து கொடுக்கும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி வேகமாகச் சரியும். டிஸ்டார்ஷன் (வேண்டுமென்றே சிதைத்த கிதார் ஒலி) காதைக் குத்தாமல் வருவது அதனால்தான். கனமான கோனில் அந்தக் குணம் கிடையாது.

பெரம்பூர் கிதார்

அண்ணா, அளந்துவிட்டேன். ஜாக்கில் 4.3. இடது ஸ்பீக்கர் 12.8, அது செலஸ்டியன் விண்டேஜ் 30, பின்னால் 16 ஓம், 60 வாட் என்று தெளிவாக அச்சாகியிருக்கிறது. வலது ஸ்பீக்கர் 6.5, பெயர்ச்சீட்டு கிழிந்துவிட்டது, 8 ஓம், 25 வாட் என்பது மட்டும் தெரிகிறது. பேட்டரி வைத்தபோது இரண்டு கோன்களும் முன்னால்தான் நகர்ந்தன. ஆனால் ஜாக்கிலிருந்து வலது ஸ்பீக்கருக்குப் போகும் வயர் மாறியிருக்கிறது, கறுப்பு வயர் பிளஸில் இருக்கிறது. வலது கோனை அழுத்தினால் உரசல் கேட்கிறது. அருகில் முகர்ந்தால் லேசாகக் கருகிய வாடையும் வருகிறது.

மைக்செட் பழனி ரோடு

எல்லாம் விளங்கிவிட்டது. யாரோ ஒருவர் இடையில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் மாற்றியிருக்கிறார், ஒட்டுத்தாள் பழையபடியே நின்றுவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 8 ஓமும் 16 ஓமும் பக்க இணைப்பில் (இரண்டும் ஒரே இரு முனைகளில்) சேர்ந்தால் 5.33 ஓம். பெட்டி 8 ஓம் என்று நம்பி ஆம்பின் 8 ஓம் முனையில் செருகுகிறீர்கள், பொருத்தம் தவறுகிறது. அதைவிடப் பெரிய கேடு, மின்சக்தி சமமாகப் பிரியாதது. 8 ஓம் ஸ்பீக்கர் மூன்றில் இரண்டு பங்கை இழுத்துக்கொள்ளும். 50 வாட் ஆம்பை முழுதாகத் திறந்தால் அதற்கு 33 வாட் போகிறது. அதன் தாங்குதிறனோ 25. உங்கள் வலது ஸ்பீக்கர் கருகியதற்குக் காரணம் இதுதான், வெள்ளம் அல்ல.

விண்டேஜ் 30 நல்ல ஸ்பீக்கர், அதை விடாதீர்கள். அதற்கு ஜோடியாக 16 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை. 16-ம் 16-ம் பக்க இணைப்பில் சரியாக 8 ஓம் தரும், ஒட்டுத்தாளும் உண்மையாகிவிடும். கடையில் 8 ஓம்தான் கைவசம் இருக்கிறது என்பார்கள், அதற்கு இணங்கிவிடாதீர்கள். கருகிய ஸ்பீக்கருக்குக் கோனும் வாய்ஸ் காயிலும் மாற்ற முடியும், ஆனால் அதை இந்தப் பெட்டியில் மீண்டும் போட வேண்டாம்.

உள்ளே வயரைப் புதிதாக இழுங்கள். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும். ஆம்பிலிருந்து கேபினட்டுக்குக் கிதார் கேபிளைச் செருகாதீர்கள். ஜாக் ஒரே அளவுதான், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி நூலளவு. அது அறுந்தால் ஆம்ப் சுமையின்றி ஓடி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள்.

பெரியமேடு தச்சுப்பட்டறை

பெட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. தண்ணீரில் ஊறிய பலகையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரைப் பொருத்தினாலும் அதிர்வு திரும்ப வரும். ஸ்பீக்கரைக் கழற்றியதும் துளையின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். தவிட்டுத் துகளை அமுக்கியதுபோல் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. அடிப்பலகைக்கு ரெக்சினைச் சற்று உரித்துத் தனியாகப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் முன்பலகை ஒன்றாகவும் மற்றவை வேறாகவும் இருக்கும்.

பெரம்பூர் கிதார்

முன்பலகையும் பக்கங்களும் பிளைவுட். அடிப்பலகையும் பின்பலகையும் பார்ட்டிகிள் போர்டு. அடிப்பலகையில் நகத்தால் கீறினாலே உதிர்கிறது, சக்கரங்களின் திருகுகள் கையோடு வந்துவிட்டன.

பெரியமேடு தச்சுப்பட்டறை

அப்படியானால் அந்த இரண்டையும் தூக்கி எறியுங்கள். உப்பிய பார்ட்டிகிள் போர்டு காய்ந்தாலும் பழைய வலு வராது. பசை ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் புதிதாக வெட்டிப் போடுங்கள். பலகையில் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரை ஐஎஸ் 710 இருக்க வேண்டும்; கடைக்காரர் வாயால் 'வாட்டர் புரூஃப்' என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

மிச்சமிருக்கும் பிளைவுட்டை மொட்டை மாடி வெயிலில் வைக்க வேண்டாம், வளைந்துவிடும். நிழலில் மின்விசிறிக் காற்றில் நிதானமாகக் காயட்டும். பூஞ்சையை வினிகர் கலந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து மறுபடி உலர்த்துங்கள். மூலைகளுக்கு மரப்பசையும் திருகும் சேர்த்துப் போடுங்கள், ஆணி மட்டும் போதாது. பின்பலகை உட்காரும் சட்டத்தில் மெல்லிய ஃபோம் பட்டை ஒட்டினால் காற்று கசியாது. மூடிய பெட்டிக்கு அது அவசியம்.

ரெக்சின் எங்கள் பக்கம் பெரியமேட்டில் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. துணி அடிப்பாகம் உள்ளதாக, சொரசொரப்பானதாக எடுங்கள். வழவழப்பானது ஒரு மழைக்காலத்திலேயே கொப்பளிக்கும். ஃபெவிகால் எஸ்ஆர் போன்ற ரப்பர் பசையைப் பலகையிலும் ரெக்சினிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்த பிறகு சேர்த்து அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே காற்று நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்த வாடை தலையைச் சுற்றவைக்கும்.

மைக்செட் பழனி ரோடு

ஸ்பீக்கரை மாட்டும்போது கார் சக்கரத்தின் நட்டை இறுக்குவதுபோல் எதிரெதிர்த் திருகாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். ஒரே பக்கம் இறுக்கினால் சட்டம் கோணி, நல்ல வாய்ஸ் காயில்கூட உரசத் தொடங்கும்.

பெரம்பூர் கிதார்

வேலை முடிந்தது. பழைய 16 ஓம் விண்டேஜ் 30 ஒன்று கிடைத்தது; பேட்டரி வைத்தும் அழுத்தியும் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். ஜாக்கில் இப்போது 6.4 காட்டுகிறது. பாஸ் முழுமையாக வருகிறது, வால்யூமை முன்பைவிடக் குறைத்து வைத்தே வாசிக்க முடிகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். ஐந்தாவது தந்தியில் ஒரே ஒரு சுரத்துக்கு லேசான கிண் என்ற ஒலி. வலது பக்கக் கைப்பிடியைக் கையால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடுகிறது.

பெரியமேடு தச்சுப்பட்டறை

கைப்பிடியின் இரும்புக் கிண்ணம்தான். கழற்றி, அதன் விளிம்புக்கு அடியில் மிச்சமிருக்கும் ஃபோம் பட்டையை ஒட்டித் திரும்ப முடுக்குங்கள். ஓட்டை தளர்ந்திருந்தால் சற்று நீளமான திருகு போடுங்கள்.

பெரம்பூர் கிதார்

ஒட்டிவிட்டேன், நின்றுவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி அண்ணா.