வக்கீல் அண்ணாச்சி எம்.எல்.ஏ ஆனப்புறம்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தாமிரபரணிக்காரன்:
பேரு வேண்டாம், தொகுதிக்காரங்களுக்கு ஆளு யாருன்னு தெரியும், மத்தவங்களுக்கு அவசியமில்ல. கோர்ட்ல கறுப்பு கோட்டு போட்டு நடந்தவரு, அப்புறம் எம்.எல்.ஏ, அரசு செலவுக் கணக்க சரிபாக்குற சட்டசபை பொதுக் கணக்குக் குழுவுலயும் உறுப்பினரா இருந்தாரு. வக்கீலுங்க கஜானா சாவியையும் ரோடு பாலத்தையும் பாக்க வர்றது நம்ம பக்கம் ஒண்ணும் புதுசு இல்ல. சி.சுப்பிரமணியம் கோயம்புத்தூர்ல வக்கீல் தொழில் பண்ணவருதான், 1952ல இருந்து 62 வரைக்கும் சென்னை மாநிலத்து நிதியமைச்சர். பக்கத்துல கேரளால பாலா தொகுதி கே.எம்.மாணியும் வக்கீல், நிதியமைச்சரா 13 பட்ஜெட் போட்டாரு. துரைமுருகன் சட்டம் படிச்சவரு, பொதுப்பணித் துறைய பல தடவ பாத்தவரு. ஆனா அவங்க கதையெல்லாம் பேப்பர்லயே வந்துருச்சு, பக்கத்துல நின்னு பாத்த கதையா சொல்லுங்க.

என்னோடது ஓடைப் பாலம். நபார்டு கடன்ல கட்டுனது, ஒரு மழைக்கே பாலத்துக்கு ஏறுற அப்ரோச் ரோட்டு மண்ணு உக்காந்துடுச்சு. அண்ணாச்சி பாக்க வர்றாருன்னதும் இன்ஜினியருங்க வரைபடத்த கார் பானெட் மேல விரிச்சு ரெடியா நிக்காங்க. மனுஷன் அதை திரும்பியே பாக்கல, எம் புக்க குடுங்கன்னாரு, அதாங்க எவ்ளோ வேலை நடந்துச்சுன்னு அளந்து எழுதுற புக்கு. கண்ணாடிய நெத்தி மேல ஏத்திட்டு கடைசி பக்கத்துல இருந்து பின்னாடி பின்னாடி புரட்டுதாரு, ஒரு இடத்துல விரல வச்சு நிறுத்தி, "சார், இந்த மண் நிரப்புனதுக்கு நீங்க எந்த தேதில செக் மெஷர் பண்ணீங்க"ன்னு சாதாரணமா கேக்காரு, செக் மெஷர்னா கீழ உள்ளவங்க அளந்தத மேலதிகாரி திரும்ப அளந்து பாக்கறது. ஏ.இ.இ, அதாங்க உதவி செயற்பொறியாளர், தேதிய சொன்னாரு. "நேர்ல வந்து டேப் புடிச்சு அளந்தீங்களா?" ஆமா சார். "வேற யாரும் உங்களுக்கு பதிலா அளக்கலியே?" இல்ல சார். அப்பத்தான் சட்டைப் பையில இருந்து ஒரு தாள எடுக்காரு, அதே ஏ.இ.இயோட டூர் டைரி காப்பி, ஆர்டிஐல, அதாங்க தகவல் உரிமைச் சட்டத்துல, ஏற்கனவே வாங்கி வச்சிருக்காரு போல, அதுல அன்னிக்கு சென்னைல மீட்டிங்னு இருக்கு. சத்தமே போடல. தாள மடிச்சு திரும்ப பையில வச்சிட்டு, மண்ண எப்ப திருப்பி போடுவீங்கன்னு மட்டும் கேட்டாரு. மறு மழைக்கு முன்னாடி போட்டாங்க, அவங்க செலவுலயே.

பழைய ஜூனியர்:
அண்ணே அந்த கடைசி பக்கம் விஷயத்த படிச்சிட்டு சிரிச்சிட்டேன். நான் அவரு ஆபீஸ்ல ஜூனியரா இருந்தவன். கட்சிக்காரங்க கேஸ் கட்டு கொண்டுவந்து குடுத்தா பிராது முதல் பக்கத்த தொடவே மாட்டாரு, நேரா சொத்து விவர அட்டவணைக்கு போவாரு, சர்வே நம்பர், நாலு எல்லை, பத்திரத்து தேதி. "முதல் பக்கத்துல அவங்க சொல்ல ஆசைப்பட்டது இருக்கும்டே, கடைசி பக்கத்துலதான் நடந்தது இருக்கும்"னுவாரு. எம்.எல்.ஏ ஆனப்புறம் ஒரு தடவ பாக்கப் போனேன், மேசை மேல அரசு கணக்க தணிக்கை பண்ற சிஏஜியோட அறிக்கை கெடக்கு, அதையும் பின் இணைப்புல இருந்துதான் படிச்சிட்டு இருந்தாரு. ஆனா ஒண்ணு, ஜூனியர்ங்களுக்கு பீஸ் பங்கு குடுக்கறதுலயும் அவ்வளவு கணக்கு பாப்பாரு, அதை இங்க விரிவா எழுதுனா அவரு படிச்சிருவாரு, வேண்டாம்.

கான்ட்ராக்ட் தம்பி:
எல்லாரும் மாலை போடுங்க, நான் வேற பக்கம் சொல்றேன். அவரு தொகுதியில ஒரு ரோடு வேலை சப் கான்ட்ராக்ட் எடுத்து பண்ணேன். வேலை சுத்தமா முடிஞ்சது, யார் வேணா வந்து ரோட்ட துளைபோட்டு கோர் கட்டிங் எடுத்து பாத்துக்கலாம். டெண்டர்ல எதோ ஒரு ஷரத்து சரியில்ல, 1998 டெண்டர் சட்டப்படி கால அவகாசம் சரியா குடுக்கலன்னு மெயின் கான்ட்ராக்டருக்கு குடுத்த டெண்டர் மேல இவரு ஒரு லெட்டர் எழுதி போட்டாரு, ஃபைல் அங்கயும் இங்கயும் சுத்தி மார்ச் 31 தாண்டிப் போச்சு. பில்லு அடுத்த வருஷத்துக்கு போயிடுச்சு. நான் ஜல்லிக்காரனுக்கும் ரோலர்காரனுக்கும் வட்டிக்கு வாங்கி குடுத்தேன். லெட்டர்ல அவரு சொன்னது தப்புன்னு நான் சொல்லல, ஆனா தப்பு பண்ணவன் ஒருத்தன், மாட்டுனது நான். வக்கீல் புத்திக்கு ஷரத்து தெரியுது, கீழ கூலி வாங்குறவன் தெரியல.

செக்‌ஷன் ஆபீசர் (ரிட்டயர்டு):
தம்பி, உங்க வருத்தம் நியாயந்தான், ஆனா அந்த மார்ச் 31 அவரு கண்டுபிடிச்சது இல்ல. சட்டசபை ஓட்டு போட்டு ஒதுக்குற பணம் அந்த ஒரு நிதியாண்டுக்குத்தான், செலவாகலன்னா காலாவதி, அடுத்த வருஷம் புதுசா ஒதுக்கீடு வாங்கணும். ஃபைல ஜனவரியிலயே முடிச்சிருக்க வேண்டியவங்க மார்ச் வரைக்கும் வச்சிருந்தாங்க, கேக்கணும்னா அவங்களத்தான் கேக்கணும்.

நான் அவர பாத்தது கோட்டையில, பொதுக் கணக்குக் குழு கூட்டத்துல. எங்க துறைச் செயலாளர் முன் வரிசையில உக்காருவாரு, நாங்க பின்னாடி வரிசையில ஃபைல் கட்டோட, முன்னாடி இருந்து கை நீண்டா சரியான தாள எடுத்து நீட்டணும், அவ்வளவுதான் எங்க வேலை. சிஏஜி அறிக்கையில வர்ற ஒவ்வொரு பத்திக்கும் துறை விளக்கக் குறிப்பு முன்னாடியே போயிருக்கும், பாதி உறுப்பினருங்க அதை அங்க வந்துதான் பிரிப்பாங்க, அண்ணாச்சி பென்சில்ல கோடு போட்டு கொண்டு வந்திருப்பாரு. அன்னிக்கு கேட்டது இப்பவும் காதுல இருக்கு: "பட்ஜெட்ல குடுத்த தொகையே முழுசா செலவாகல, பின்ன நடுவுல துணை மானியம்னு எதுக்கு கூடுதலா கேட்டீங்க? கேட்டு வாங்குனதையும் மார்ச் கடைசில வேண்டாம்னு திருப்பி சரண்டர் பண்ணிருக்கீங்க. அப்போ கேக்கும்போது உங்க கையில என்ன கணக்கு இருந்தது?" இது எல்லா துறையிலயும் வருஷா வருஷம் நடக்குறதுதான், பெரிய ஊழல்னு எல்லாம் சொல்ல முடியாது, சோம்பேறித்தனம்னு வேணா சொல்லலாம், அதனாலயே யாரும் இதை குடைய மாட்டாங்க. எங்க செயலாளர் "வரும் காலங்களில் தவிர்க்கப்படும்"னு வழக்கமான பதில சொன்னாரு. "இதே வரி போன பத்திக்கும் எழுதியிருக்கீங்க"ன்னு அண்ணாச்சி பக்கத்த எடுத்து காட்டுனாரு. அந்த குறிப்ப டைப் அடிச்சது எங்க செக்‌ஷன்தான், தலைய குனிஞ்சு கட்ட அவுக்கற மாதிரி உக்காந்துட்டேன்.

பைபாஸ் நிலத்துக்காரி:
நான் ரோட்டுக்கு நிலம் குடுத்த வீட்டுப் பொண்ணு. அந்த பைபாஸ் வேணும்னு சட்டசபைல கேட்டதே அண்ணாச்சிதான், அதனால எங்க தெருவே அவரு மேல காண்டா இருந்துச்சு. இழப்பீடு செக் வாங்க அப்பா கிளம்புறப்ப ஆள் விட்டு சொல்லி அனுப்புனாரு, ரசீதுல சும்மா கையெழுத்து போடாதீங்க, "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்"னு கையாலயே எழுதி கையெழுத்து போடுங்கன்னு. ஆபீஸ்ல இருந்தவருக்கு மூஞ்சி மாறிடுச்சு, உங்க எம்.எல்.ஏ தான் ரோடு கேட்டாரு, அவரே இப்படி சொல்லி விடுறாரான்னு. அது ஏன்னு எங்களுக்கு அப்புறம்தான் புரிஞ்சது, ஆட்சேபணை இல்லாம பணத்த வாங்கிட்டா கூடுதல் இழப்பீடு கேட்டு கோர்ட்டுக்கு போற வழி அடைஞ்சிடுமாம். தெருவுல எழுதாம வாங்குனவங்க இப்ப எங்கள பாத்து பெருமூச்சு விடுறாங்க. எங்களுக்கு கீழ்க்கோர்ட்ல கூட்டி குடுக்க சொல்லி தீர்ப்பு வந்துச்சு, அரசு அப்பீல் போயிருக்கு, இன்னும் நடக்குது. அண்ணாச்சி மேல கோவம் போச்சான்னு கேட்டா அப்பாவுக்கு போகல, வயல் போனது போனதுதானேங்கறாரு.

தாமிரபரணிக்காரன்:
அக்கா, இந்த கதை எனக்கே தெரியாது. ரோடும் வேணும், நிலத்துக்காரனுக்கு வழியும் வேணும்னு ரெண்டு பக்கமும் வக்காலத்து போட்டிருக்காரு மனுஷன்.

கான்ட்ராக்ட் தம்பி:
சார் சொன்ன காலாவதி விஷயம் புரியுது, எனக்கு யாரும் இப்படி உக்கார வச்சு சொன்னதில்ல. பில்லு அடுத்த வருஷம் வந்துடுச்சு, வேலையில குறை வந்தா சரிபண்ணணும்னு மெயின் கான்ட்ராக்டர் என்கிட்ட புடிச்சு வச்ச ரிடென்ஷன் பணம் மட்டும் நிக்குது. அந்த குறை பாக்குற டிபெக்ட் பீரியட் முடிஞ்சாச்சு, துறை ரிலீஸ் பண்ணலங்கறாரு. அண்ணாச்சிகிட்ட ஒரு மனு குடுத்தா நடக்குமா?

செக்‌ஷன் ஆபீசர் (ரிட்டயர்டு):
மனு அப்புறம். முதல்ல துறை உண்மையிலயே ரிலீஸ் பண்ணலியான்னு டிவிஷன் ஆபீஸ்ல ஆர்டிஐ போட்டு கேளுங்க, அக்ரிமென்ட் நம்பர், பில் நம்பர் ரெண்டும் எழுதுங்க. பதில் வந்ததும் அதோட உங்க சப் கான்ட்ராக்ட் பேப்பரையும் சேத்து எடுத்துட்டு போங்க, வெறுங்கையோட போனா உக்கார கூட சொல்ல மாட்டாரு.

பழைய ஜூனியர்:
சார் சொல்றது நூத்துக்கு நூறு. தேதி வாரியா அடுக்கி கொண்டு போங்க தம்பி, கடைசி தாள்லதான் ஆரம்பிப்பாரு.