‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைப்பது மட்டும்தானா?

கேள்வி:
வணக்கம். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைத்தல் என்றே பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ‘தே புட் ஆஃப் தி மீட்டிங்’ வரை சிக்கல் இல்லை. ஓர் உணவக விமர்சனத்தில் ‘தி ஸ்மெல் புட் மீ ஆஃப்’ என்று இருக்கிறது. நாற்றம் எப்படி ஓர் ஆளை ஒத்திவைக்கும்? அச்சுப் பிழையா? கூடவே, ‘புட் இட் ஆஃப்’, ‘புட் ஆஃப் இட்’ இரண்டில் எது சரி?

முதல் பதில்:
பிழை இல்லை. நாற்றத்தில் அவருக்குச் சாப்பிடும் எண்ணமே போய்விட்டது, அவ்வளவுதான். செயப்படுபொருளைப் பாருங்கள். கூட்டம், பயணம், தேர்வு என்றால் தள்ளிவைப்பது. ஆள் என்றால் மனம் விலகச் செய்வது. ‘தி பிரைஸ் புட் ஹிம் ஆஃப்’: விலையைக் கேட்டதும் பின்வாங்கிவிட்டார். முகம் சுளிக்க வைப்பதை ‘ஆஃப்-புட்டிங்’ என்பதும் இந்த வழியில் வந்ததுதான்.
‘இட்’, ‘தெம்’ போன்றவை நடுவில்தான் வரும்; ‘புட் ஆஃப் இட்’ தவறு. பெயர்ச்சொல் என்றால் நடுவிலும் வரலாம், பின்னாலும் வரலாம்.

இரண்டாம் பதில்:
ஆள் வந்தாலே மனம் விலகுவது என்று அடித்துச் சொல்லாதீர்கள். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்கிறார். ‘ஐ புட் ஹிம் ஆஃப் அன்டில் ஃப்ரைடே’ என்றால், வெள்ளிக்கிழமை தருவதாகச் சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன் என்று பொருள். பிரிட்டிஷ் வழக்கில் இன்னொன்றும் உண்டு. பாடிக்கொண்டிருப்பவர் எதிரே நின்று சிரித்தால் ‘டோன்ட் புட் மீ ஆஃப்’ என்பார். கவனத்தைக் கலைக்காதே என்கிறார். அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைத்துவிடும் பழக்கம் நம்மில் பலருக்கும் இருக்கிறது!

மூன்றாம் பதில்:
பின்னால் வினை வந்தால் ‘புட் ஆஃப் கோயிங்’ என்றுதான் வரும், ‘டு கோ’ வராது. ‘கால் ஆஃப்’ என்பதோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது ரத்து. கூட்டம் ‘கால்ட் ஆஃப்’ என்று மின்னஞ்சல் வந்தால் புதிய தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் ‘ஹி புட் மீ ஆஃப் கோயிங்’ என்பது? என் பயணத்தை அவர் தள்ளிவைத்தாரா?

முதல் பதில் எழுதியவர்:
இல்லை, போகும் ஆசையையே கெடுத்துவிட்டார். ‘மீ’யை எடுத்துவிட்டு ‘ஹி புட் ஆஃப் கோயிங்’ என்று எழுதினால், தன் பயணத்தை அவரே தள்ளிப்போட்டார். இரண்டாம் பதிலில் சொன்ன கடன்காரர் கணக்கும் சரிதான், அதை விட்டுவிட்டேன்.