ஃபிரட்டர்னிட்டி அண்ணன்மார்கள்: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

அட்லாண்டா பக்கத்து வீட்டுக்காரன்

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தவறிவிட்டார். 81 வயது. ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாராகவும் ஃபுட்பால் பயிற்சியாளராகவும் இருந்தவர். தெருவில் வாண்டுகள் முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அவர் 'கோச்'தான். கொல்லையில் வெண்டைக்காய் போடுவார். ஜூலை வந்தால் ஒரு பை நிறைய எங்கள் வாசலில் இருக்கும். அவர்கள் வீட்டில் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார்கள், நாங்கள் மோர்க்குழம்பு வைப்போம். எங்கள் நட்பு அப்படி ஆரம்பித்ததுதான்.

அவர் கார் நம்பர் பிளேட்டைச் சுற்றிக் கறுப்பிலும் தங்க நிறத்திலும் மூன்று கிரேக்க எழுத்துகள் இருக்கும். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா. அது ஒரு ஃபிரட்டர்னிட்டி, அதாவது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆண்கள் சேரும் சகோதரச் சங்கம். ரொம்ப நாள் அதை ஏதோ கார் கம்பெனி விளம்பரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஹோம் டிப்போவில் அவரோடு வரிசையில் நிற்கிறேன். முன்பின் தெரியாத ஓர் இளைஞன் அவர் தொப்பியைப் பார்த்துவிட்டு நேரே வந்தான். 'எங்கே கிராஸ் பண்ணினீர்கள்?' என்று ஒரே கேள்வி. இவர் ஊரைச் சொல்லி, 'ஸ்பிரிங் 64' என்றார். சங்கத்தில் சேருவதைத்தான் 'கிராஸ்' என்கிறார்கள். அவர் சேர்ந்த பருவமும் வருஷமும் அது. கையைக் குலுக்கினார்கள். அந்தக் குலுக்கலில் விரல்கள் என்ன செய்தன என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த நிமிஷம் அந்தப் பையன் எங்கள் சிமெண்ட் மூட்டைகளைத் தூக்கி வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

1906 டிசம்பர் 4 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஏழு கறுப்பின மாணவர்கள் தொடங்கியது இந்தச் சங்கம். அந்தக் காலத்தில் அங்கே கறுப்பின மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனிமை தாங்காமல் படிப்பைப் பாதியில் விட்டுப் போனவர்களும் உண்டு. விட்டுப்போகாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொள்ளத்தான் சங்கம். அந்த ஏழு பேர் பெயரையும் கோச் எங்கள் சின்னவனுக்கு மனப்பாடம் செய்வித்தார் என்றால் பாருங்கள். திருக்குறள் ஏறவில்லை, இது ஏறியது.

நம்மில் பலர் நினைப்பதுபோல் இது பீர் குடித்துக் கூத்தடிக்கும் நாலு வருஷச் சமாசாரம் இல்லை. இவர்களுக்குக் கல்லூரி முடிந்த பிறகுதான் ஆட்டமே. பட்டதாரிகளுக்கென்று ஊருக்கு ஊர் தனிக் கிளை, மாதக் கூட்டம், வருஷச் சந்தா. சந்தா பாக்கி இல்லாதவரை 'பைனான்ஷியல்' என்பார்கள். 'நீ பைனான்ஷியலா?' என்று கேட்டால் சம்பளத்தை விசாரிக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். கோச் 60 வருஷமாக பைனான்ஷியல். சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பையன்களுக்குக் கல்லூரி விண்ணப்பம் எழுதச் சொல்லித் தருவார். தேர்தல் வருஷம் என்றால் ஒரு மடக்கு மேஜை, இரண்டு நாற்காலி, வாக்காளர் பதிவுப் படிவங்கள். வெயிலில் சர்ச் வாசலில் உட்கார்ந்துவிடுவார்.

மார்ட்டின் லூதர் கிங்கும் இதில் உறுப்பினர். பாஸ்டனில் படிக்கும்போது 1952-ல் சேர்ந்தார். வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் வேண்டும் என்று ஆரம்பித்ததும் இந்தச் சங்கம்தான். 1984-ல் எழுந்த யோசனை, 1996-ல் நாடாளுமன்ற அனுமதி, 2011-ல்தான் திறப்பு. ஆகஸ்ட் 28 விழாவுக்கு கோச் ஹோட்டல் எல்லாம் போட்டு வைத்திருந்தார். ஐரீன் புயல் வந்து விழா தள்ளிப்போனது. அக்டோபர் 16-க்கு மறுபடி டிக்கெட் எடுத்தார். 'இருபத்தேழு வருஷம் காத்திருந்தவனுக்கு ஏழு வாரம் ஒரு பெரிய விஷயமா?' என்று சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

சரி, சாவு வீட்டுக்கு வருகிறேன். அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை, கறுப்பு கோட்டும் தங்க நிற டையுமாக நாற்பது பேருக்கு மேல் வரிசையாக உள்ளே வந்தார்கள். இருபது வயதுப் பையனும் உண்டு, வாக்கர் பிடித்து வந்தவரும் உண்டு. யாரும் யாரையும் முந்தவில்லை. பெட்டியைச் சுற்றி வட்டமாகக் கை கோத்து நின்றார்கள். இவர்களின் கிளைகளுக்குக் கிரேக்க எழுத்துகளைத்தான் பெயராக வைக்கிறார்கள். முதல் கிளை ஆல்ஃபா. கடைசி எழுத்தான ஒமேகாவை மட்டும் உயிரோடு இருக்கிற எந்தக் கிளைக்கும் தருவதில்லை, அது இறந்தவர்களுக்கு. கோச் 'ஒமேகா கிளைக்கு மாற்றலாகிவிட்டார்' என்று ஒருவர் அறிவித்தபோது, மாற்றல் ஆர்டர் வாசிக்கிற குரல்தான். அழுகையே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

மறுநாள் அடக்கத்துக்குப் பிறகு சாப்பாடு, 'ரிபாஸ்ட்' என்கிறார்கள். பொரித்த கோழி, மக்ரோனி, கீரை. என் மனைவி எலுமிச்சை சாதம் கொண்டுபோயிருந்தாள். காலியான முதல் பாத்திரம் அதுதான் என்று பெருமைக்காகச் சொல்லி வைக்கிறேன்.

உங்களுக்கும் இப்படி அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

மேரிலாண்ட் அக்கா

தம்பி, என் ஆபீஸ் தோழி ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பெண்கள் சங்கம். நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் 1986-ல் அங்கேதான் சேர்ந்தார். 2021 ஜனவரி 20, அவர் பதவியேற்ற நாள். எங்கள் காலை ஜூம் கூட்டத்துக்கு இவள் முத்துமாலையும் ரோஸ் கலர் சட்டையுமாக வந்து உட்கார்ந்தாள். நான் சிவப்புப் பட்டுப்புடவை. மேனேஜர் பாவம், இன்று என்ன பண்டிகை என்று கேட்டார்.

இவளுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோதுதான் அசந்துபோனேன். ஆறு வாரத்துக்கு யார் சாப்பாடு, யார் துணி துவைப்பது, யார் பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை. வந்தவர்களில் பாதிப் பேரை அவளுக்கு முன்பு தெரியாது. சகோதரி என்ற அர்த்தத்தில் 'சோரோர்' என்று கூப்பிட்டுக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் போய்விடுவார்கள். நமக்குக்கூடப் பிரசவம் பார்க்க ஊரிலிருந்து அம்மா வர விசா வாங்கணும்.

நியூஜெர்சி அப்பா

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் பேசுவேன், மன்னிக்கவும். என் மகன் படித்த இடத்தில் ஒரு ஃபிரட்டர்னிட்டியில் சேரப் போனான். பெயரெல்லாம் வேண்டாம். ஐந்து வாரத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டான். ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி சீனியர்களின் பிறந்த ஊர், பட்டப்பெயர் எல்லாம் ஒப்பிக்கணுமாம். தப்பினால் தண்டனை. என்ன தண்டனை என்று இன்றுவரை அவன் சொல்லவில்லை. நானே போய்க் கூட்டிவந்தேன். நாவரசு கொலை நடந்த 1996-ல் நான் தமிழ்நாட்டில் ஹாஸ்டலில் இருந்தவன். அடுத்த வருஷம் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் பார்த்தவன். அடித்துத்தான் அண்ணன் தம்பி ஆகணும் என்றால் அந்த உறவே வேண்டாம்.

அட்லாண்டா பக்கத்து வீட்டுக்காரன்

ஐயா, இதில் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. கோச்சிடமே ஒருமுறை கேட்டேன். அவர் முதுகைக் காட்டி, 'அறுபத்துநாலில் இதைப் பெருமை என்று நினைத்தேன்' என்று மட்டும் சொன்னார். கறுப்பினச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து 1990-ல் புதிதாகச் சேர வருபவர்களைச் சோதித்துப் பார்க்கிற அந்தப் பழைய 'பிளெட்ஜிங்' முறையையே ஒழிப்பதாக அறிவித்தன. மறைவில் நடப்பது மட்டும் நின்றபாடில்லை என்று அவரே சொல்லி வருத்தப்படுவார். உங்கள் மகன் இப்போது நன்றாக இருக்கிறானா?

நியூஜெர்சி அப்பா

நன்றாக இருக்கிறான். கேட்டதற்கு நன்றி.

துபாய் பேச்சிலர்

நம்முடையது சின்னக் கதை. எம்எஸ் படிக்கும்போது இலவச பீட்சா என்று நம்பி ஆல்ஃபா ஃபை ஒமேகா கூட்டத்துக்குப் போனேன். இது சேவைக்கென்றே உள்ள ஃபிரட்டர்னிட்டி, 1925-ல் லாஃபயெட் கல்லூரியில் சாரணர் இயக்கத்து ஆட்கள் ஆரம்பித்தது. பெண்களும் சேரலாம். பீட்சா ஒரு துண்டுதான் கிடைத்தது. அப்புறம் இரண்டு வருஷம் ஃபுட் பேங்கில் பீன்ஸ் டின் அடுக்கினேன்.

இப்போது துபாய். வந்த புதிதில் லிஃப்டில் ஒரு பிலிப்பைன்ஸ்காரர் என் சாவிக்கொத்தைப் பார்த்து, 'பிராட்!' என்று கத்தினார். பிலிப்பைன்ஸில் இந்தச் சங்கம் 1950-லிருந்து இருக்கிறது, அங்கே சகோதரனை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அந்த வாரமே கட்டில், ரைஸ் குக்கர், ஒரு மேஜை விசிறி வந்து சேர்ந்தன. காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வருஷா வருஷம் மணிலாவில் அவர்கள் ஆட்கள் துணியில்லாமல் ஓடுகிற ஓட்டம் ஒன்று உண்டு, அதன் வீடியோவையும் காட்டினார். அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அட்லாண்டா பக்கத்து வீட்டுக்காரன்

துபாய் தம்பி, சிரித்துவிட்டேன்.

ஒன்று எழுத விட்டுப்போனது. எங்கள் தெருவில் குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும். கோச் போன பிறகு அவர் மனைவியால் அந்தச் சக்கரத் தொட்டியைச் சரிவில் இழுக்க முடியாது, நான் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். திங்கள் ராத்திரி ஒன்பதுக்கு வெளியே வந்தால் தொட்டி ஏற்கெனவே ரோட்டோரத்தில் நிற்கிறது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் சீக்கிரமே வந்து காத்திருந்து பிடித்துவிட்டேன். முப்பது வயது இருக்கும், ஆஸ்பத்திரிச் சீருடை. கோச்சிடம் படித்தவரா என்று கேட்டேன்.

இல்லையாம். டென்னஸியில் கிராஸ் பண்ணியவராம், வேலை மாற்றிக்கொண்டு இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கோச்சைப் பார்த்ததே இல்லை. கிளைக் கூட்டத்தில் திங்கட்கிழமைக்கு யார் என்று கேட்டார்களாம், இவர் கை தூக்கினாராம். 'நீங்கள்தான் லெமன் ரைஸ் வீடா?' என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்.