மறு: மோமென்டுக்குத் ‘திருப்புமை’ சரியா?

வணக்கம்.

அசையாமல் நிற்கும் பொருள்கள் மீதான விசைகளைப் பேசும் நிலையியலின் சொற்பட்டியலில் ‘மோமென்ட்’ (ஒரு விசை பொருளை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பப் பார்க்கும் அளவு) மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அதற்குத் ‘திருப்புமை’ சரி என்பது என் கட்சி. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘திருப்புத்திறன்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தச் சொல்லில் எனக்கு ஒரே சிக்கல்தான், ஆனால் பெரிய சிக்கல். அதே பாடநூல்களில் ‘திறன்’ என்பது வாட்டில் அளக்கிற பவர். மோமென்டின் அலகோ நியூட்டன் மீட்டர். இரண்டும் வேறு வேறு அளவுகளாக இருக்கும்போது பெயரில் மட்டும் உறவு எதற்கு? ‘திருப்பு விசை’ இன்னும் மோசம். அது விசையே இல்லை. விசையை, அந்தப் புள்ளியிலிருந்து அதற்குள்ள செங்குத்துத் தொலைவால் பெருக்கினால் வருவது.

இலங்கை நூல்களில் பவர் ‘வலு’, மோமென்ட் ‘திருப்பம்’. அங்கே இந்தக் குழப்பம் இல்லை, சொல்லும் சின்னது, எனக்குப் பிடித்தது. ஆனால் திருப்பம் என்றால் ஏதோ திரும்பிவிட்டது என்றுதான் காதில் விழுகிறது. நிலையியல் பேசுவதோ அசையாமல் நிற்கிற பொருளை.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கடைப்பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டத்தோடு சேர்த்து 12 கிலோ, ஈர்ப்பு மையம் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி என்று வையுங்கள். சுவரில் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட், நடுவே 30 செ.மீ. கீழ் போல்ட்டைச் சுற்றிக் கணக்குப் போட்டால், எடை பலகையைக் கவிழ்க்கப் பார்ப்பது 12 × 60 = 720. அதைத் தடுக்க மேல் போல்ட்டுக்குக் கிடைப்பது 30 செ.மீ. தூரம்தான். 720 ÷ 30 = 24. ஆக, 12 கிலோ பலகை மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்குவது 24 கிலோ எடைக்குச் சமமான இழுப்போடு! கீழே அதே அளவுக்குச் சுவரை அழுத்துகிறது. பழைய கடைவீட்டின் சுண்ணாம்புக் காரை மேல் போல்ட்டைச் சுற்றி முதலில் உதிர்ந்தால் காரணம் இதுதான். போல்ட்டுகளின் இடைவெளியை 60 ஆக்குங்கள், இழுப்பு பாதியாகிவிடும்.

இத்தனைக்கும் பலகை இம்மியளவும் திரும்பவில்லை. திருப்பப் பார்க்கும் தன்மை இருக்கிறது, திருப்பம் நடக்கவில்லை. தன்மைக்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். தமிழில் அதற்கென்றே ‘மை’ விகுதி இருக்கிறது. பொறு, பொறுமை. ‘பிசுக்குமை’ (விஸ்காசிட்டி) என்று முன்னோர் ஆக்கிய கலைச்சொல்லும் புழக்கத்தில் உண்டு. அந்த வழியில்தான் திருப்புமை.

கூட்டுச்சொற்களுக்கும் இடம் கொடுக்கிறது. உத்தரத்தில் வளைப்புத் திருப்புமை, தாங்குசுவரில் கவிழ்ப்புத் திருப்புமை, அப்புறம் நிலைமத் திருப்புமை (மோமென்ட் ஆஃப் இனெர்ஷியா). சமநிலை விதியைச் சொல்லிப் பாருங்கள்: விசைகளின் கூட்டுத்தொகை சுழி, எந்தப் புள்ளியைச் சுற்றியும் திருப்புமைகளின் கூட்டுத்தொகை சுழி. வாயில் தடுக்காமல் வருகிறது.

சாதாரண ஆளுக்குப் புரியாது என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. லோரி டயர் நட்டு அசையாவிட்டால் பட்டறையில் ஸ்பேனர் பிடியில் பைப்பைச் சொருகுகிறார்கள். கை பலம் அதேதான். தூரம் இரட்டித்தால் திருப்புமை இரட்டிக்கிறது. கையில் உள்ள அறிவுக்குப் பெயர் சொன்னால் போதும். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போய், படிவம் 2 (இரண்டாம் ஆண்டு) அறிவியலில் ‘மோமென் டாயா’வை, அதாவது விசையின் மோமென்டை, மலாயில்தான் சந்திக்கிறார்கள். டியூஷனில் அதைத் தமிழில் விளக்குகிற ஆசிரியருக்கு இந்தச் சொல் உடனே உதவும், அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

‘கப்பிள்’ என்பதற்கு வழங்கும் ‘இரட்டை’யை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து. மேல் போல்ட் இழுக்க, கீழ் போல்ட் தள்ள, சம அளவில் எதிரெதிராக நிற்கும் அந்த இரண்டு விசைகளுக்கும் பொருத்தமான பெயர். டார்க் (தண்டைச் சுழற்றும் மோமென்ட்) மட்டும் பாக்கி. ‘முறுக்குத் திருப்புமை’ நீளம் என்றால், அச்சுத்தண்டை முறுக்கும் இடங்களில் மட்டும் ‘முறுக்கம்’ என்று வைக்கலாம். வாகனத்துறையில் இருப்பவர்கள் இதற்குச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து